ஊரறிந்த கொலையும் செல்லாத சாட்சியும்: மென்சோபெரான்சன் நகரின் பெருங்குடிகள்

நம் கல்லூரி மாணவர் சிலர் விடுதி அறையில் பகடை உருட்டி ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தைச் சில மாதங்களுக்கு முன் அருகிருந்து காண நேர்ந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருவர் மட்டும் கதையை நடத்துகிறார். ஐயம் எழும் இடத்தில் பகடை முடிவு சொல்கிறது. ஆட்டத்தின் நடுவே அவர்களுள் ஒருவர் மிக இயல்பாகச் சொன்ன ஒரு வாக்கியம் நம்மை நிறுத்திவிட்டது. “இந்த நகரத்தில் ஒரு குடியைப் பாதி அழித்தால்தான் குற்றம், முழுதாக அழித்துவிட்டால் குற்றமே இல்லை.” அந்த வாக்கியத்தைப் பின்தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை.

அந்நகரின் பெயர் மென்சோபெரான்சன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டம் 1974இல் வெளியானது. அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1978இல் எழுதிய ‘வால்ட் ஆஃப் த ட்ரௌ’ என்ற ஆட்டநூலில் மண்ணுக்கடியில் வாழும் ட்ரௌ என்னும் கரிய இனத்தாருக்கு ஒரு நகரை அமைத்தார். பெருங்குடிகளும் வணிகக் குலங்களும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சின்னமும் அப்போதே வந்துவிட்டன. பின்னர் கனடாவைச் சேர்ந்த நூலகரான எட் கிரீன்வுட் படைத்த கற்பனை உலகம் 1987இல் ஆட்டநூலாக வெளிவந்தது. அவ்வுலகின் பாதாளத்தில் ஆர். ஏ. சால்வடோர் தம் புதினங்களின் வழியாக நிறுவிய நகரமே மென்சோபெரான்சன். 1990இல் வந்த அவருடைய ‘ஹோம்லேண்ட்’ புதினம் நகரின் வாழ்வைச் சொல்லிற்று. 1992இல் வந்த ஆட்டத்தொகுப்பு அதன் வரைபடத்தையும் குடிவரிசையையும் சொல்லிற்று.

ஆங்கிலத்தில் அவர்கள் வழங்கும் சொல்லுக்கு ‘வீடு’ என்பதே நேர்ப்பொருள். நாம் அதனைக் ‘குடி’ என்றே வழங்குவோம். பிறப்பு, உறைவிடம், படை, பெயர் ஆகிய நான்கையும் ஒருசேரச் சுட்டும் சொல் அதுதான்.

சூரியனே காணாத பெருங்குகைக்குள் அமைந்த நகரம் அது. நார்பாண்டல் என்னும் கற்றூணின் அடியில் நாள்தோறும் மந்திரத்தால் வெப்பம் ஏற்றப்படுகிறது. அவ்வெப்பம் தூணில் ஏறி இறங்குவதே அந்நகரத்தாருக்குக் கடிகாரம். நகரில் வாழும் ட்ரௌ மக்கள் ஏறத்தாழ 20,000 பேர். சிலந்தித் தெய்வமான லோல்த்தை வழிபடும் பூசாரிப் பெண்களே குடித்தலைவியர். குடிகள் அனைத்துக்கும் வரிசை எண் உண்டு. முதற்குடி பேன்ரே. முதல் எட்டுக் குடிகளின் தலைவியர் கூடியதே ஆளுங்குழு. குடியின் எல்லைக்குள்ளும் படிநிலை கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. டோ உர்டன் குடியின் மாளிகையில் மேல்தளத்திற்குப் படிக்கட்டே கிடையாது. காற்றில் எழும் ஆற்றல் பெற்ற குடிப்பிறந்தாரே மேலே செல்ல இயலும். ஏனையோர் கீழே நிற்க வேண்டியதுதான்.

இனி அந்தச் சட்டத்துக்கு வருவோம். ஒரு குடி மற்றொரு குடியைத் தாக்குவது மென்சோபெரான்சனில் வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டது. தாக்குண்ட குடியில் குடிப்பிறந்தார் ஒருவரேனும் பிழைத்து ஆளுங்குழுவின் முன் நின்று குற்றஞ்சாட்டினால், தாக்கிய குடி வேரோடு அழிக்கப்படும். பிழைத்தவர் ஒருவரும் இல்லையேல் வழக்கே இல்லை. அப்படியொரு குடி இருந்தது என்பதையே நகரம் மறந்துவிடும். புதினத்தின் தொடக்கத்தில் பத்தாம் குடியான டோ உர்டன், தெய்வத்தின் அருளை இழந்த நான்காம் குடியான டெவிரை ஓரிரவில் அழிக்கிறது. விடிந்தபோது டோ உர்டன் ஒன்பதாம் குடி. ஆளுங்குழுவுக்கு இன்னும் ஒரே ஒரு படிதான்.

அவ்விரவில் நடந்த இன்னொன்றையும் நாம் காண வேண்டும். டோ உர்டன் குடியில் அன்று பிறந்த மூன்றாம் ஆண்மகவைத் தெய்வத்துக்குப் பலியிடுவது மரபு. ஆனால் போரின் நடுவே இரண்டாம் மகன் டினின் தன் அண்ணன் நால்ஃபைனைக் கொன்றுவிடுகிறான். மூன்றாம் மகன் இரண்டாம் மகனாகிறான், குழந்தை பிழைக்கிறது. ட்ரிஸ்ட் என்னும் அக்குழந்தையே பின்னாளில் அந்நகரைத் துறந்து செல்லும் கதைத்தலைவன். குடிகளுக்கிடையே வழங்கும் அதே அறம்தான் குடிக்குள்ளும் வழங்குகிறது. மேலே இருப்பவன் நீங்கினால் கீழே இருப்பவன் ஏறலாம்.

இச்சட்டத்தின் கொடுமை அதன் தண்டனையில் இல்லை, அதன் சாட்சி விதியில் இருக்கிறது என்பதே நம் கருத்து. டெவிர் குடி அழிந்ததை நகரமே அறியும். கீழ்நிலைப் படைவீரர்கள் நேரிற் கண்டவர்கள். உயிர் பிழைத்தவர்களோ வென்ற குடியின் படையிலேயே சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். கண் இருக்கிறது, நாவும் இருக்கிறது, ஆனால் சொல் செல்லாது. குடிப்பிறந்தாரின் சொல்லே சொல். ஆகவே இச்சட்டம் கொலையைத் தடுப்பதற்கு மாறாக அதனை முழுமைப்படுத்துகிறது. இரக்கம் கொண்டு ஒரு சிறுவனை விட்டுவைப்பவன், தன் குடியையே அழிவுக்கு ஒப்புக்கொடுக்கிறான். கொல்வோன் முதலில் தேடுவது குழந்தைகளைத்தான்.

டெவிர் குடியில் ஒருவன் பிழைத்தான். மந்திரக் கல்விக்கூடத்தில் பயின்ற ஆல்டன் என்பவன். அவனைக் கொல்ல அமர்த்தப்பட்ட ஆசான், தன் மாணவன் ஒருவன் கையாலேயே இறந்துபோக, ஆல்டன் தன் முகத்தை அமிலத்தால் கரைத்துக்கொண்டு அந்த ஆசானாகவே வாழத் தொடங்குகிறான். உயிர் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை. தன் குடியை அழித்தவர் யார் என்பதை அறியாமலே அவன் ஆண்டுகள் பல கழிக்கிறான். சாட்சி சொல்லும் தகுதி பெற்ற ஒரே ஒருவன், தான் யார் என்பதைச் சொல்ல இயலாதவனாகத் திரிகிறான்.

குடிகள் ஆளும் நகரம் என்பது முற்றிலும் கற்பனை அன்று. இடைக்கால இத்தாலிய நகரங்களை அறிந்தவர்க்கு இக்காட்சி பழகியதாகவே தோன்றும். ஜெனோவாவில் டோரியா, ஸ்பினோலா, ஃபியெஸ்கி, கிரிமால்டி ஆகிய பெருங்குடிகள் தத்தமக்கெனச் சதுக்கமும் கோயிலும் கொண்டு வாழ்ந்தன. கருப்பும் வெள்ளையுமாகக் கல் வரியிட்ட சான் மத்தேயோ கோயில் இன்றும் டோரியாக்களின் சதுக்கத்தில் நிற்கிறது. ஃபிளாரன்ஸ் நகரில் ஒவ்வொரு குடியும் கோபுரம் எழுப்பியது. 1216ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளன்று, மணவாக்கை மீறிய புவோந்தெல்மோந்தி இளைஞன் ஒருவன், பழைய பாலத்தருகே நின்ற மார்ஸ் சிலையின் அடியில் அமிதேயி குடியாராலும் அவர்தம் கூட்டாளிகளாலும் கொல்லப்பட்டான். நகரைப் பல தலைமுறைகள் பிளந்த கட்சிப் பகையின் தொடக்கமாக அக்கால வரலாற்றாசிரியர்கள் இதனையே காட்டினர்.

ஆனால் அந்நகரங்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. உள்ளூர்க் குடிகள் எதனையும் சாராத அயலூரான் ஒருவனை, குறுகிய தவணைக்கு நடுவனாக அழைத்து வந்தன. பொதெஸ்தா எனப்பட்ட அவன் தன் நீதிபதிகளையும் காவலரையும் உடன் அழைத்து வருவான், தவணை முடிந்ததும் தன் செயல்களுக்குக் கணக்குக் கொடுத்த பின்னரே ஊர் திரும்புவான். 1250இல் ஃபிளாரன்ஸின் மக்களாட்சி, கோபுரங்களின் உயரத்தை 50 முழ அளவுக்குக் குறைத்தது. 1528இல் ஜெனோவா தன் பெருங்குடிகளை 28 தொகுப்புகளாக வகுத்தபோது, நெடுங்காலம் ஆட்சிக்காக மோதிய அதோர்னோ, ஃப்ரெகோசோ குடியினர் தம் பெயரையே இழந்து பிற தொகுப்புகளில் பிரித்துச் சேர்க்கப்பட்டனர். வெனிஸில் குடிகளுக்கு வரிசை எண் இல்லை. 1297 முதல் பேரவையின் கதவு புதியவர்க்குப் பெரும்பாலும் அடைபட்டது, உள்ளே இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. மேலே உள்ள குடியை அழித்து ஏறுவதற்கு அங்கே படி கிடையாது.

இவை எல்லாவற்றினும் நம் கவனத்துக்கு உரியது 1293ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் இயற்றிய நீதி ஆணைகள். பெருங்குடிப் பிறந்தவர் தம் நன்னடத்தைக்குப் பிணை கட்ட வேண்டும். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் உறவினரும் பொறுப்பு. பொதுமகன் ஒருவனைக் கொன்றால் கொன்றவனின் மாளிகை இடிக்கப்படும். இதுவரை மென்சோபெரான்சனும் ஃபிளாரன்ஸும் ஒன்றே. இரண்டிலும் குற்றத்தின் அலகு தனிமனிதன் அல்லன், குடி. வேறுபாடு சாட்சியில் தொடங்குகிறது. பெருங்குடியானுக்கு எதிராக ‘ஊர்ப்பேச்சு’ என்பதற்கு இரண்டு சாட்சிகள் போதும் என்றது அந்த ஆணை. ஊரே அறிந்து வாய்திறக்க அஞ்சும் செய்தியை அது சான்றாக ஏற்றுக்கொண்டது. சங்க இலக்கியம் ‘அலர்’ என்று சொல்வதற்கு நீதிமன்றத்தில் இடம் கிடைத்தது போன்றது அது.

இதனைப் பொற்காலமாக வரைவது நம் நோக்கமன்று. ஊர்ப்பேச்சு பகைவரின் புனைவாகவும் இருக்கக்கூடும். உறவினன் செய்த குற்றத்துக்காகத் துன்புற்ற குற்றமற்றவர் இருந்திருப்பர். ஆணைகளை முன்னின்று கொணர்ந்த ஜியானோ தெல்லா பெல்லா 1295இல் நகரை விட்டு வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு சாட்சிகளின் எண்ணிக்கை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தப்பட்டது. பெருங்குடிகள் முற்றும் அடங்கிவிடவும் இல்லை. ஆயினும் அங்கே பூசல் யாருடைய சொல் செல்லும் என்பதைப் பற்றியதாக இருந்தது. பாதாள நகரத்தில் அப்படியொரு கேள்வியே எழவில்லை.

ஆட்டம் ஒன்றுக்காகப் படைக்கப்பட்ட நகரம் அமைதியடைந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே மென்சோபெரான்சனை வகுத்தோர் குடிகளை வைத்துக்கொண்டு, குடிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளைக் களைந்துவிட்டனர். ஆட்சியைப் பெண்கள் கையில் தந்தும் அதிகாரத்தின் வடிவத்தை மாற்றவில்லை. அயலூர் நடுவன் இல்லை, படைவீரனின் சாட்சி இல்லை. எஞ்சியதை உருப்பெருக்கிக் காட்டினர். வரலாற்று மாணவருக்கு இதனால் ஒரு பயன் உண்டு. கருவிகள் இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பது இங்கே தெரிகிறது.

விடுதி அறையில் அன்று ஆட்டம் நள்ளிரவு தாண்டியும் நீண்டது. ஒரு குடி மற்றொன்றைத் தாக்கியது. மாளிகைக்குள் ஒளிந்திருந்த சிறுமி ஒருத்தியைக் கண்டபோது, ‘முழுதாக அழித்துவிட்டால் குற்றமே இல்லை’ என்று நமக்கு விளக்கிய அதே மாணவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உருட்டாமல் இருந்தார். பிறகு, “இவளை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். நண்பர்கள் அவரைக் கேலி செய்தனர். விட்டுவைத்த அந்தச் சிறுமியால் அவருடைய குடி பின்னொரு நாள் அழிந்ததா என்று நாம் கேட்கவில்லை.