ஹூக்ளியின் வண்டலும் கல்கத்தாத் துறைமுகமும்

துறைமுக வாயிலில் வண்டல் படிவது இயற்கையின் செயல் என்றும், அதனை அகற்றுவது பொறியியலாளரின் பணி என்றும் கொள்வதே பொது வழக்கு. கல்கத்தாவின் வரலாறு இக்கருத்தினை மீள்பரிசீலனைக்கு உட்படுத்துகின்றது.

கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் உள்ளே, ஹூக்ளிக் கரையில் அமைந்தது இத்துறைமுகம். தாமோதர், ரூப்நாராயண் ஆறுகள் ஹூக்ளியுடன் கூடும் பகுதியிலுள்ள மணல்மேடு, 1694இல் அங்கு அழிந்த கப்பலொன்றின் நினைவாக 'ஜேம்ஸ் அன்ட் மேரி' எனப்படுகின்றது. ஆற்றின் இயல்பைக் கம்பெனியார் அறியாதவரல்லர். எனினும் அவர்களுக்கு வேண்டியது வங்காளத்தின் உள்நாட்டு வளம். பின்னாளில் சணலும் தேயிலையும் அவ்வழியே சென்றன. ஆறு தூர்ந்துவிடும் என அஞ்சி 1860களில் மாத்லா ஆற்றருகே போர்ட் கானிங் அமைக்கப்பட்டது. ஆனால் மூலதனம் கல்கத்தாவை விட்டு நகரவில்லை.

கங்கையின் பெருநீரோட்டம் கிழக்கே பத்மாவை நாடிச் சென்றமை பழைய நிகழ்ச்சி. ஆயின் ஹூக்ளியின் கீழ்ப்பகுதியை அலசி ஆழப்படுத்தியதில் தாமோதரின் வெள்ளங்களுக்கும் பெரும் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டில் புகையிரதப் பாதையையும் பெருந்தெருவையும் காக்கும்பொருட்டு அவ்வாற்றின் இடக்கரை வலுப்படுத்தப்பட்டது. வயலுக்கு உரமாக வேண்டிய வண்டலை அக்கரைகள் தடுத்தமையை 1928இல் வில்லியம் வில்கொக்ஸ் தம் கல்கத்தா விரிவுரைகளிற் கண்டித்தார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனம் தோன்றியது, அணைகள் தொடர்ந்தன. வெள்ளத்தை அடக்கினால் துறைமுகம் தூரும் என எச்சரித்தவர் பொறியியலாளர் கபில் பட்டாசார்யா. பரக்கா அணைத்திட்டத்தையும் எதிர்த்தமையால் அவர் பாக்கிஸ்தானின் கையாள் எனத் தூற்றப்பட்டார். நீரியல் வாதமொன்றுக்குத் தேசபக்தியால் விடையளிக்கப்பட்டமை நோக்கற்பாலது.

கங்கைக்கு அணையிட்டு ஹூக்ளிக்கு நீர் திருப்பும் எண்ணம் புதியதன்று. கொள்ளிடத்தில் அணைகட்டிய ஆர்தர் கொட்டனே 1850களில் அதனை முன்மொழிந்தார். 1961இல் பரக்காவில் வேலை தொடங்கி, 1975 ஏப்ரலிற் கால்வாய் திறக்கப்பட்டது. வினாடிக்கு 40,000 கன அடி நீர் வண்டலைக் கடலுக்குத் தள்ளும் என்பது கணிப்பு. கோடையில் அந்நீரைத் திருப்புவதென்பது கீழேயுள்ள பங்களாதேச உழவரின் நீரைக் குறைப்பதேயாகும். 1976 மே மாதம் முதுபெரும் தலைவர் மௌலானா பாஷானி பரக்காவை நோக்கி நடைப்பயணம் நடத்தினார். நீர்ப்பங்கீட்டுக்கான 30 ஆண்டு உடன்படிக்கை 1996இலேயே கைச்சாத்திடப்பட்டது.

துறைமுகம் பெற்ற பயனோ சொற்பம். பெருங்கப்பல்களுக்கென முகத்துவாரத்துக்கு அண்மையில் 1977இல் ஹால்டியாக் கப்பற்றுறை திறக்கப்பட்டது. அங்கும் அகழ்கலங்கள் ஓய்ந்தபாடில்லை. அணைக்கு மேலே மால்டா மாவட்டத்தில், தடுக்கப்பட்ட கங்கை கரையை அரிக்க, நிலமிழந்த குடியானவர் ஊர் ஊராகப் பெயர்ந்தனர்.