சேடில் வேட்டையில் மரமேறும் முறைகள்

சேடில் வேட்டை என்பது, இடுப்பையும் பின்புறத்தையும் தாங்கும் பட்டை இருக்கையை அணிந்து, கயிற்றால் மரத்துடன் பிணைந்து தொங்கியவாறு விலங்குக்காகக் காத்திருக்கும் வேட்டை முறையாகும். அந்தப் பட்டை இருக்கையே சேடில் எனப்படுகிறது. குதிரைச் சேணத்துடன் இதற்குப் பெயரளவிலேயே ஒற்றுமை உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுவோர் இம்முறையைக் கையாள்கின்றனர்.

பின்னணி

மரத்தில் பொருத்தும் உலோக இருக்கைகள் கனமானவை. அவற்றுள் சில 9 கிலோகிராம் வரை எடையுள்ளவை. பொது வேட்டை நிலங்கள் பலவற்றில் கருவிகளை மரத்திலேயே விட்டுச்செல்ல முடியாது. ஆகவே அனைத்தையும் முதுகில் சுமந்து சென்று, சுமந்தே திரும்ப வேண்டும். சேடில் மடித்தால் பைக்குள் அடங்கிவிடும். சுமையைத் தீர்மானிப்பது, 5 அல்லது 6 மீட்டர் உயரத்துக்கு ஏறப் பயன்படும் கருவியே.

ஏணிக் கழிகள்

இருபுறமும் மிதிபடி கொண்ட குறுகிய உலோகக் கழிகள் வார்ப்பட்டையாலோ கயிற்றாலோ மரத்தில் கட்டப்படுகின்றன. பொதுவாக மூன்று அல்லது நான்கு கழிகள் தேவை. கழியின் அடியில் பட்டைக் கண்ணிகளைத் தொங்கவிட்டு அவற்றையும் படிகளாக்கினால் கழிகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் கண்ணி காலுக்கடியில் ஆடும். இருட்டில் இறங்கும்போது அதைத் தேடித் துழாவ நேரிடும்.

ஒற்றைக் கழி முறை

இம்முறையில் ஒரே கழி போதுமானது. கழியின் உச்சிப் படிக்கு ஏறியவர், பிணைப்புக் கயிற்றைத் தலைக்கு மேல் நகர்த்தி இறுக்கி, சேடிலில் தொங்கியபடி கழியை அவிழ்த்து மேலே கட்டுகிறார். தேவையான உயரம் வரை இது தொடர்கிறது. இறங்குவதற்கு உராய்வுக் கருவியும் நீண்ட கயிறும் பயன்படுகின்றன. தரையை அடைந்தபின், மேலுள்ள சுருக்குடன் கட்டிய மெல்லிய இழுகயிற்றால் கயிறு மீட்கப்படுகிறது. சுமை மிகக் குறைவு. கற்றுத் தேற நாளாகும். தரையை ஒட்டிய உயரத்தில் பலமுறை பழகாமல் இதை மேற்கொள்வது ஆபத்தானது.

கயிறு மட்டும்

மரப் பராமரிப்புப் பணியாளர்களைப் போல, எடைகட்டிய நூலைக் கிளைக்கவட்டின் மேல் எறிந்து, அதன்வழி கயிற்றை இழுத்து ஏறுவதும் உண்டு. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931 இல் விவரித்த புரூசிக் முடிச்சு இங்கும் பயன்படுகிறது. சுமை விழுந்தால் இறுகிப் பிடிப்பதும், சுமை நீங்கினால் நகர்வதும் அதன் இயல்பு. கிளை உலர்ந்ததா என்பது கீழிருந்து எப்போதும் தெரிவதில்லை. இம்முறையின் பெரிய குறை இதுவே.

திருகு படிகள்

மரத்தில் திருகும் படிகள் இலேசானவை; எனினும் மரத்தைத் துளைக்கின்றன. அமெரிக்கத் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் ஆணி, திருகாணி முதலியவற்றால் இருக்கைகளை மரத்தில் பொருத்தத் தடை உள்ளது. பிற பொது நிலங்களின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

பாதுகாப்பு

வேட்டையாளர் தரையை விட்டுக் கால் எடுப்பது முதல் மீண்டும் தரையில் ஊன்றும் வரை மரத்துடன் பிணைந்தே இருக்க வேண்டும். ஏறும்போது, மின்கம்பப் பணியாளர் பயன்படுத்துவது போன்ற இடுப்புக் கயிறு மரத்தைச் சுற்றி இருக்கும். கிளையைத் தாண்ட அதை அவிழ்க்கும் முன் இரண்டாவது கயிற்றைக் கட்டிவிட வேண்டும். எடையைக் குறைக்க இரண்டாவது கயிற்றை வீட்டில் விட்டுவருவோருக்கு ஆபத்தான கணம் இதுவே. பிணைப்புக் கயிறு தளர்ந்திருந்தால், சிறு சறுக்கலும் உடலைக் கடுமையாக உலுக்கும். அசைவின்றி நெடுநேரம் தொங்கினால் கால்களில் குருதியோட்டம் தடைப்படும் என்பதால், மிதித்து எழ ஒரு கால்கண்ணி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வில்லை உடன் ஏந்தி ஏறாமல், ஏறியபின் கயிற்றால் இழுத்துக்கொள்வதே முறை.