கத்தியும் ஊசியும்

மும்பையிலிருந்து புனே நகருக்குச் செல்லும் இருப்புப்பாதையில், புனேயை அணுகுமுன் சிஞ்ச்வட் என்னும் நிலையம் வருகிறது. மராத்தி மொழியில் ‘சிஞ்ச்’ என்பது புளியையும், ‘வட்’ என்பது ஆலமரத்தையும் குறிக்கும். இவ்விரு மரங்களாலேயே ஊர் இப்பெயர் பெற்றது என்பர். பவனா நதிக்கரையில் மோரயா கோசாவி என்னும் கணபதி பக்தரின் சமாதிக் கோயில் இருத்தலால், மகாராஷ்டிர மக்களுக்கு இவ்வூர் ஒரு க்ஷேத்திரம். பக்கத்து ஊராகிய பிம்ப்ரியுடன் இணைந்து ஒரே மாநகராட்சியாகிவிட்டபின், மோட்டார்த் தொழிற்சாலைகளின் பெயராலேயே இது வெளியுலகில் அறியப்படுகிறது. நாம் இப்போது கூற வந்தது கோயிலைப் பற்றியுமன்று, மோட்டாரைப் பற்றியுமன்று. பிம்ப்ரியில் ஒரு காலத்தில் நாடே பெருமையுடன் நோக்கிய மருந்துச் சாலை ஒன்று உண்டு. அதனை முன்னிட்டு, இருதயத்தைத் தாக்கும் ஒரு நோய்க்கு வைத்திய உலகம் கண்ட இரண்டு வழிகளின் வரலாற்றை ஆராய எண்ணுகிறோம்.

இருதய நோய் என்றவுடன் இக்காலத்தில் நம் நினைவுக்கு வருவது, நடுத்தர வயதினரைத் திடீரென வீழ்த்தும் மாரடைப்பே. அதன் பெருக்கத்தால் நாம் மறந்துவிட்ட நோய் மற்றொன்று உண்டு. அது பிள்ளைப் பருவத்தில் தொடங்குவது. நெருக்கமாக மக்கள் வாழும் ஏழை வீடுகளையே பெரிதும் நாடுவது. கீல்வாத ஜுரம் என்றும், ‘ருமாட்டிக்’ ஜுரம் என்றும் அதனை வைத்தியர்கள் அழைப்பர்.

ஐந்து முதல் பதினைந்து வயதுவரை உள்ள குழந்தைக்குத் தொண்டை வலி வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வந்த வலியாக அது இருக்கலாம். தாய் வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிக்கச் செய்கிறாள், வலி நான்கு நாளில் நீங்குகிறது, யாவரும் மறந்துவிடுகின்றனர். இரண்டு மூன்று வாரங்களுக்குப்பின் ஜுரம் அடிக்கிறது. முழங்கால் வீங்குகிறது, அது வடிந்தவுடன் கணுக்கால், பின்னர் முழங்கை என்று வீக்கம் இடம் மாறுகிறது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்புச் சக்தி, இருதயத்தின் சொந்தத் தசையையும் இதழ்களையும் பகையென மயங்கித் தாக்குவதே இந்நோயின் அந்தரங்கம். மூட்டுகள் வடுவின்றித் தேறிவிடும். இருதயம் அவ்வாறு தேறுவதில்லை.

இருதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்கள் கொண்ட ஒரு வால்வு உண்டு. கிறிஸ்தவ பிஷப்புகள் அணியும் தொப்பியை ஒத்திருப்பதால் அதற்கு ‘மைட்ரல்’ என்று பெயர். வளர்ந்தவர்களுக்கு நாலைந்து சதுர சென்டிமீட்டர் அகலம் திறக்கும் வழி அது. ஜுரம் திரும்பத் திரும்ப வருந்தோறும் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன. வழி ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுவதுண்டு. முன்னே செல்ல இயலாத ரத்தம் பின்னே நுரையீரலில் தேங்குகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் இருமல் வருகிறது. பல பெண்களுக்கு இந்நோய் உண்டென்பதே முதற் கர்ப்பத்தில்தான் தெரியவருகிறது. கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தம் பெருகும். பெருகிய வெள்ளம் குறுகிய மதகில் முட்டினால் நேர்வது யாது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழைய வைத்தியம் இதற்கு என்ன செய்தது? 1785-ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் வெளியிட்ட டிஜிடாலிஸ் என்னும் செடி மருந்து, இருதயத் துடிப்பை நிதானப்படுத்தியது. 1876-இல் ஸ்காட்லாந்தின் மக்லாகன், வில்லோ மரப் பட்டையின் சத்தாகிய சாலிசினைக் கொடுத்து மூட்டு வலியைத் தணித்தார். இவை துன்பத்தைக் குறைத்தனவேயன்றி, ஒட்டிய இதழைப் பிரிக்கவில்லை. எந்த மருந்தும் பிரிக்காது. ஒட்டியதைப் பிரிக்கக் கைதான் வேண்டும்.

அந்தக் கை இருதயத்தினுள் நுழைவதற்கு நெடுங்காலமாயிற்று. லாடர் பிரண்டன் என்பவர் 1902-இல் லண்டனில் இந்த யோசனையை வெளியிட்டபோது கண்டனமே கிடைத்தது. 1923-ஆம் ஆண்டு மே மாதத்தில் பாஸ்டன் நகரில் எலியட் கட்லர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வால்வை வெட்டினார்; அவள் நாலு வருஷத்துக்குமேல் வாழ்ந்தாள். அடுத்து அவர் செய்த சிகிச்சைகளில் நோயாளிகள் பிழைக்கவில்லை. குறுகிய வழியை அகலமாக்க வால்வின் ஒரு துண்டையே அவர் அறுத்தெடுத்தமையால், ரத்தம் பின்னோக்கிப் பாய்ந்தது. சில வருஷங்களில் அவர் அம்முயற்சியைக் கைவிட்டார்.

1925-இல் லண்டனில் ஹென்றி சவுட்டர் செய்ததோ எளிமையானது. ஓர் இளம்பெண்ணின் இருதய மேலறையில் சிறு துவாரமிட்டு, தம் சுட்டுவிரலை உள்ளே செலுத்தி, வால்வை விரலாலேயே தடவித் திறந்தார். பெண் பிழைத்தாள். இதைவிட வெற்றி வேறு என்ன வேண்டும்? ஆயினும் அவரிடம் இரண்டாவது நோயாளியை எந்த வைத்தியரும் அனுப்பவில்லை. நோய் வால்வில் இல்லை, தசையில் இருக்கிறது என்பது அக்கால வைத்திய மேதைகளின் துணிபு. துணிபு பொய்யாகுமுன் 23 ஆண்டுகள் கழிந்தன. வைத்திய சரித்திரத்தில் நமக்கு மிகுந்த வருத்தம் தரும் இடங்களுள் இது ஒன்று. கருவி இன்மையால் அன்று, கருத்தின் பிடிவாதத்தால் நேர்ந்த தாமதம் இது.

பின்னர் 1948-இல் மூன்று நகரங்களில் கதவு திறந்தது. ஜூன் 10-ஆம் தேதி காலையில் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி சிகிச்சை செய்த நோயாளி மேஜையிலேயே இறந்தார். அதற்கு முன்னும் அவருக்குத் தோல்விகளே. தடை உத்தரவு வருமுன், அன்று மாலையே வேறொரு மருத்துவமனையில் மற்றொரு பெண்ணுக்குச் செய்தார். அவள் பிழைத்து நடமாடினாள். ஆறு நாட்களில் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், செப்டம்பரில் லண்டனில் ரஸ்ஸல் பிராக்கும் வெற்றி கண்டனர். இதனை வீரம் என்பதா, பிடிவாதம் என்பதா? அன்று காலை இறந்தவரின் குடும்பத்தார் என்ன சொல்லியிருப்பர் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

அதே 1948-இல் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க நிபுணர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, மார்பு ரண சிகிச்சைப் பிரிவைத் தோற்றுவித்தார். 1950-களில் இருதயத்தைத் திறவாமலே விரலால் வால்வை விரிக்கும் சிகிச்சை வேலூரிலும், மும்பையில் பி. கே. சென் தலைமையில் கே. இ. எம். மருத்துவமனையிலும் வேரூன்றியது. 1983-இல் வேலூரின் ஸ்டான்லி ஜானும் அவருடைய சகாக்களும் இச்சிகிச்சை பெற்ற 3,724 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டனர். ஓர் ஊரில், ஒரே நோய்க்கு, இத்தனை பேர்! நம் மருத்துவர்களின் கைத்திறனுக்கு அது சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண் நமக்கு வேறொன்றையும் சொல்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

கத்தி வென்ற அதே ஆண்டுகளில்தான் ஊசியும் தயாராயிற்று. 1928-இல் பிளெமிங் கண்ட பெனிசிலின், ஆக்ஸ்போர்டில் புளோரி, செய்ன் ஆகியோரின் உழைப்பால் 1940-களில் மருந்தாயிற்று. அமெரிக்க விமானப்படை முகாம் ஒன்றில் தொண்டை நோயுற்ற வீரர்களுக்கு இதனைக் கொடுத்தால் கீல்வாத ஜுரம் வருவதில்லை என்பது 1950-இல் நிறுவப்பட்டது. சாதாரணப் பெனிசிலின் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும். அதனைப் பென்சத்தீன் என்னும் பொருளுடன் சேர்த்தபோது, தசையில் தங்கி வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் கரையும் மருந்து கிடைத்தது. ஒருமுறை ஜுரம் கண்ட குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செலுத்தினால் கிருமி தொண்டையில் குடியேறாது, ஜுரம் திரும்பாது, வால்வு மேலும் கெடாது. 1952 முதல் இம்முறை பரவியது.

இங்கேதான் பிம்ப்ரி வருகிறது. அந்நாளில் பெனிசிலின் யாவும் கப்பலில் வந்து இறங்க வேண்டியிருந்தது. 1951-இல் இந்திய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனத்துடனும் யூனிசெஃப் ஸ்தாபனத்துடனும் உடன்பாடு செய்துகொண்டது. 1954-இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் அமைந்து, 1955-இல் பிம்ப்ரியில் பெனிசிலின் விளைந்தது. விளைந்தது என்று கூறுவதே பொருந்தும். ஏனெனில் பெனிசிலின் ஒரு பூஞ்சணத்தின் சாறு. மக்காச்சோளம் ஊறிய நீரும் சர்க்கரையும் நிறைந்த பெருந்தொட்டிகளில், கிருமி நீக்கிய காற்றை இடைவிடாது செலுத்திப் பூஞ்சணத்தை வளர்க்க வேண்டும். வெளிக்கிருமி ஒன்று புகுந்தாலும் தொட்டி முழுவதும் பாழ். வெயிலும் புழுதியும் மிகுந்த நாட்டில் இதனைச் செய்துகாட்டியது சிறிய காரியமன்று. 1961-இல் அங்கேயே எம். ஜே. திருமலாச்சாரும் அவர்தம் குழுவினரும் ஹாமைசின் என்னும் புதிய மருந்தைக் கண்டறிந்தனர்.

ஆகவே மருந்து இருந்தது, மார்க்கமும் தெரிந்திருந்தது. அவ்வாறாயின் வேலூரில் 3,724 பேர் ஏன் கத்தியின் கீழ்ப் படுக்க நேர்ந்தது? 1963-இல் டில்லியிலிருந்து எஸ். பி. ராய், வி. ராமலிங்கசுவாமி முதலியோர் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குப் பாதி விடை தருகிறது. மேனாட்டில் ஜுரத்துக்குப்பின் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே சுருங்கும் வால்வு, நம் நாட்டில் இருபது வயது நிரம்பாதவர்களிடமே சுருங்கியிருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். நோய் நம்மிடம் விரைந்து ஓடுகிறது. மற்றப் பாதி விடை, நம் ஏற்பாட்டில் இருக்கிறது. கத்திச் சிகிச்சை ஒரு நாளில் முடிவது. பெரிய மருத்துவமனையில், பேர்பெற்ற கையால் நடப்பது. குடும்பம் கடன் வாங்கியேனும் அதற்கு வரும். ஊசியோ வலிப்பது, வருஷக்கணக்கில் மாதந்தோறும் போட வேண்டுவது, போட்டதனால் எதுவும் நிகழாமையே அதன் பலன். நிகழாத ஒன்றுக்காக ஒரு கூலித் தொழிலாளி மாதம் ஒரு நாள் கூலியை இழந்து குழந்தையை அழைத்துவர வேண்டும். ஒவ்வாமையால் ஆபத்து நேருமோ என்னும் அச்சத்தால் ஊசி போட மறுக்கும் மருத்துவர்களும் உண்டு.

இவ்விடத்தில் சிஞ்ச்வட்டின் பழைய நினைவு ஒன்று நம் மனத்தில் எழுகிறது. 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது, சிப்பாய்கள் வீடுவீடாக நுழைந்து நோயாளிகளைத் தேடினர். அவ்வேற்பாட்டின் அதிகாரியான ராண்டை ஜூன் 22-ஆம் தேதி இரவு சுட்ட சாபேகர் சகோதரர் இந்தச் சிஞ்ச்வட்டினரே. அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். சரித்திரம் அதனை விடுதலைப் போரின் அத்தியாயமாகவே எழுதுகிறது, அது சரியே. ஆயினும் நாம் அதில் மற்றொன்றையும் காண்கிறோம். வைத்தியம் ஒருமுறை பலாத்காரமாக வீட்டினுள் நுழையலாம். மாதந்தோறும் பத்து வருஷம் நுழைய வேண்டிய வைத்தியத்துக்கு வீட்டார் கதவைத் திறந்துவைக்க வேண்டும். ஊசியின் பலனைத் தாய்க்கு அவள் மொழியில் உட்கார்ந்து விளக்கும் ஒரு நர்ஸ், அக்குழந்தையின் பெயரை ஏட்டில் எழுதி, வராத மாதம் தேடிச் செல்வாரேயானால் பாதி வேலை முடிந்தது.

கத்தியின் வழியும் நில்லாமல் வளர்ந்தது. ஜப்பானில் கான்ஜி இனூவே 1982-இல், தொடைச் சிரையின் வழியே சிறு பலூனைச் செலுத்தி வால்வை விரித்தார். மார்பைப் பிளக்க வேண்டுவதில்லை. 1985-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் லாக், டில்லி மருத்துவர்களுடன் சேர்ந்து இளம் நோயாளிகளிடம் இத்தகைய முறையை வெளியிட்டார். இதழ் முற்றும் கெட்டவர்களுக்கு மாற்று வால்வு வேண்டும். அதனைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் பல தோல்விகளுக்குப்பின் செய்துமுடித்து, 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினர். டி. டி. கே. நிறுவனம் அதனை உற்பத்தி செய்ய, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றுள்ளனர். உலோக வால்வு பெற்றவர் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். தாய்மை எய்த விரும்பும் பெண்ணுக்கு அந்த மாத்திரையே ஒரு சங்கடமாகிறது.

பிம்ப்ரியின் கதை இவ்வாறு வளரவில்லை. அந்நிய மலிவுச் சரக்கின் போட்டியில் நிறுவனம் நலிந்தது. நம் நாட்டில் பெனிசிலின் மூலப்பொருள் உற்பத்தி அருகி, சீனத்தை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. 2016 டிசம்பரில் பிம்ப்ரி நிறுவனத்தின் உபரி நிலத்தை விற்க மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. உலக சுகாதாரப் பேரவை இந்நோயைக் குறித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது 2018-இல். பென்சத்தீன் பெனிசிலின் பல நாடுகளில் அடிக்கடி கிடைக்காமற்போவது அதன் கவலைகளுள் ஒன்று.

ஊசியின் வலிமையைப் பற்றி இன்னும் ஐயம் கொள்வோருக்கு உகாண்டாவிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கு அறிகுறியே தோன்றாமல், ஒலிப்படக் கருவியால் மட்டும் வால்வில் தொடக்கக் கேடு காணப்பட்ட 818 குழந்தைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு மட்டும் இரண்டு வருஷம் மாத ஊசி போட்டனர். ஊசி பெற்றவருள் மூவருக்கும், பெறாதவருள் 33 பேருக்கும் நோய் முற்றியது. முடிவு வெளியானது 2021-இல்.

இறுதியாக, ரண சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் பலரும் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விரலோ, பலூனோ, புது வால்வோ தொண்டைக் கிருமியைத் தடுப்பதில்லை. இருதயம் தாக்கப்படாத குழந்தைக்கு ஐந்து வருஷம் அல்லது 21 வயது வரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை ஊசி வேண்டும். வால்வில் கேடு நிலைத்தவர்க்குப் பத்து வருஷமேனும் வேண்டும். பெரும்பாலும் 40 வயது வரையும், சிலருக்கு ஆயுள் முழுவதும். வால்வு மாற்றிக்கொண்டவர்களும் இக்கணக்கினுள் அடங்குவர். இருதயம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையே தக்கது என்றும் அண்மையில் கூறப்படுகிறது. அதனைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.