ஹிரோஷிமா: ஐந்து படங்களும் இரண்டாயிரம் ஓவியங்களும்

1945 ஆகஸ்ட் 6 அன்று, அணுகுண்டு வீசப்பட்ட ஹிரோஷிமாவில் தரையில் மக்கள் பட்ட பாட்டைக் காட்டும் ஒளிப்படங்களாக நமக்கு எஞ்சியவை, யோஷித்தோ மட்சுஷிகே எடுத்த ஐந்து மட்டுமே. சுகோகு ஷிம்புன் நாளிதழின் ஒளிப்படக்காரர் அவர். வீடு வெடிப்பு மையத்திலிருந்து 2.7 கி.மீ. தள்ளி இருந்ததால் பிழைத்தார். கையிலிருந்த பிலிமில் 24 படங்கள் எடுக்கலாம். காலை 11 மணிக்குமேல் மியூகி பாலத்தை அடைந்தார். வெந்துபோன உடல்களோடு அங்கே குழுமியிருந்தவர்கள் காயங்களில் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். முதல் படம் எடுக்க மனம் வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆயிற்று. அடுத்த படத்தின்போது கண்ணீரில் காட்சி மங்கியது என்று பின்னாளில் சொன்னார். பொழுது சாயும்வரை நகரில் அலைந்தும் ஐந்துக்குமேல் அவரால் எடுக்க முடியவில்லை.

நிகழ்வுக்கு நெருங்கிய காலத்துச் சான்றே வலுவானது என்பது வரலாற்று மாணவருக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். ஹிரோஷிமாவைப் பொறுத்தவரை அதை அப்படியே ஏற்க முடியாது என்பதே என் கருத்து. நெருங்கிய காலத்துச் சான்றுகள்தாம் இங்கே அதிகம் கட்டுண்டு கிடந்தன.

முதற்கட்டு மனம் போட்டது. அடுத்தது தணிக்கை. ஆஸ்திரேலியரான வில்ஃப்ரட் பர்ச்செட் தனியாக ரயிலேறி ஹிரோஷிமா போய் எழுதிய செய்தி, லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் செப்டம்பர் 5 அன்று வந்தது. காயமே இல்லாதவர்களும் இனம் தெரியாத நோயால் சாவதை அவர் எழுதினார். அதே மாதம் 19 அன்று ஜப்பானில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பத்திரிகை விதிகளை அறிவித்தது. அமெரிக்கச் செய்தியாளர் ஜான் ஹெர்சி, குண்டுவீச்சில் பிழைத்த ஆறு பேரின் அனுபவத்தை எழுத, நியூயார்க்கர் 1946 ஆகஸ்ட் 31 இதழை முழுமையாக அதற்கே ஒதுக்கியது. ஜப்பானிய மொழியில் அது நூலாக வெளிவந்தது 1949-இல்தான். மட்சுஷிகேயின் படங்கள் 1946-இல் உள்ளூர் மாலை இதழ் ஒன்றில் தலைகாட்டினாலும், உலகம் அவற்றைப் பார்த்தது ஆக்கிரமிப்பு முடிந்தபின், 1952 செப்டம்பர் 29 தேதியிட்ட லைஃப் இதழில்.

1974-இல் 77 வயது முதியவர் ஒருவர், தாம் அன்று கண்டதை வரைந்து ஹிரோஷிமாவிலுள்ள என்.எச்.கே. ஒலிபரப்பு நிலையத்துக்கு எடுத்து வந்தார். நிலையம் மற்றவர்களையும் வரைந்தனுப்பக் கேட்டது. 2,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் வந்து குவிந்தன. தூரிகை பிடித்துப் பழகாத கைகள் வரைந்தவை. ஆற்றில் மிதந்த பிணங்கள், தண்ணீர் கேட்டவர்கள், இடிபாட்டுக்குள் விட்டுவந்த உறவினர் என, மட்சுஷிகேயின் கேமரா எடுக்கத் துணியாதவை அவற்றில் இருந்தன. ஓரங்களில் இடம், நேரம் குறித்த எழுத்துகளும் உண்டு.

முப்பதாண்டு நினைவை நம்பலாமா? பிறகு கேட்டதும் படித்ததும் அதில் கலந்திருக்கும், ஐயமில்லை. ஆனால் சாட்சி எங்கே நின்றார் என்பதை அவர் சொல்லே சில சமயம் காட்டிக்கொடுக்கும். மின்னலொளியைக் குறிக்கும் 'பிகா' என்று மட்டும் சொல்பவர்கள் பெரும்பாலும் நகருக்குள் இருந்தவர்கள். சத்தம் கேட்டதாக அவர்களுக்கு நினைவில்லை. தொலைவில் இருந்தவர்கள் வெடியோசையையும் சேர்த்துப் 'பிகாதோன்' என்பார்கள். இப்படிப்பட்ட தடயங்களைக் கொண்டு சோதித்தால், பிந்திய நினைவும் ஆவணமாகத் தேறும். 1945-இன் ஐந்து படங்களைப் படிக்கவும் 1974-இன் ஓவியங்கள் வேண்டும். எடுக்கப்படாத படங்கள் எவை என்பதை அவைதாம் சொல்கின்றன.

2012 முதல் ஹிரோஷிமா மாநகராட்சி, பிழைத்தவர்களின் அனுபவத்தை அவர்கள் சார்பில் எடுத்துரைக்க அடுத்த தலைமுறையினருக்குப் பயிற்சி அளிக்கிறது. 2025 மார்ச் இறுதியில் ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சுகளில் தப்பியோராகப் பதிவுபெற்றவர்களில் உயிருடன் இருந்தவர்கள் 99,130 பேர். சராசரி வயது 86-ஐத் தாண்டியிருந்தது. மட்சுஷிகே 2005-இல் காலமானார். அவர் எடுத்த படம் பதித்த நினைவுப்பலகை மியூகி பாலத்தருகே நிற்கிறது.