டயர் ஊரும் மின்சார நூலும்

சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரகடம் போனா அப்போலோ டயர் தொழிற்சாலை. டயர்னதும் எனக்கு ஞாபகம் வர்றது அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். குட்இயர் 1898-லயும் ஃபயர்ஸ்டோன் 1900-லயும் ஆரம்பிச்ச ஊர். 1970, 80-கள்ல ஆலைகளை வரிசையா மூடினாங்க.

ஆனா ரப்பரால வளர்ந்த வேதியியல் ஆக்ரன் பல்கலைக்கழகத்துல தங்கிடுச்சு. 1934-லயே ஃபார்ம்ஹால்ஸ் காப்புரிமை வாங்கியிருந்த ஒரு நுட்பத்தை 1990-கள்ல அங்கேதான் டாரல் ரெனக்கர் தூசி தட்டினார். பாலிமர் கரைசலுக்குப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்தா, ஊசி முனையிலிருந்து தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய நூல் சீறி வரும். (சிலந்தி தோத்தது போங்க :-)) அந்த நூல் விரிப்பு மேல செல்களை வளர்த்து தோல், ரத்தக்குழாய் செய்யப் பார்க்கிறாங்க.

இதுல இயற்கை ரப்பர் மட்டும் முரண்டு பிடிக்கும். நல்லா இழுபடும், ஆனா நூற்ற இழைகள் சாதாரண வெப்பத்துலயே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனால பாலிகாப்ரோலாக்டோன் மாதிரி ஒண்ணைக் கலந்து நூற்கணும். ரப்பர் பாலில் இருக்கிற புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும், அதையும் நீக்கணும்.

நம்ம பக்கம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத் துறை இருக்கு. ஆலைகள் ஓடும்போதே இந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் காசு போட்டா தேவலை.