பீர் ஆலையில் பிறந்த எண்

மண் பரிசோதனையிலும் மீன் தொட்டியிலும் நாம் பார்க்கும் பிஎச் என்ற எண், பீர் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பிறந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த சோரன்சென், பூஜ்யங்களாய் நீளும் ஹைட்ரஜன் அயனி அளவை 1909-ல் ஒரு சின்ன எண்ணாகச் சுருக்கினார். எண் ஒன்று இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும்.

மறு ஆண்டே அது கப்பலேறியது. அவருடைய சகா பாலிட்ஷ், 'தோர்' என்ற டேனிஷ் ஆய்வுக் கப்பலின் மத்தியதரைக் கடல் பயணத்தில், கடல்நீரில் சாயச் சொட்டு விட்டு, மாறும் நிறத்தை வைத்து பிஎச் கண்டார்.

அடுத்த திருப்பம் கலிபோர்னியாவின் எலுமிச்சையால் வந்தது. பழ விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம், கெடாமலிருக்கக் கந்தக டையாக்சைடு சேர்த்த சாற்றின் புளிப்பை அளக்க விரும்பியது. அந்த வாயுவோ லிட்மஸை வெளுத்துவிட்டது. அங்கே வேலை பார்த்த வேதியியலாளர், தன் கல்லூரித் தோழர் அர்னால்ட் பெக்மனிடம் போனார். வானொலிப் பெட்டியில் இருப்பதுபோன்ற வெற்றிடக் குழாய்களைக் கண்ணாடி மின்முனையோடு இணைத்து, 1934-ல் பெக்மன் ஒரு கருவி செய்தார். விலை 195 டாலர். பத்தாண்டில் 600 விற்கலாம் என்று ஒரு வணிகர் கணித்தார். பெக்மனுக்கு அந்தக் கருவியே பெருந்தொழிலுக்கு அடித்தளமானது.

ஆனால் கடலுக்கு அந்தக் கருவி போதவில்லை. கடலின் பிஎச் ஆண்டுக்கு 0.002 அளவில்தான் இறங்குகிறது. உப்புநீரில் மின்முனையின் அளவீடு மெல்ல நகர்ந்துவிடும். இவ்வளவு நுண்ணிய மாற்றம் அதற்குப் பிடிபடாது. அதனால் எலுமிச்சைச் சாற்றில் தோற்ற சாயமுறையே கடலுக்குத் திரும்பியது! இம்முறை நிறத்தைப் பார்த்தது கண் அல்ல, நிறமாலைமானி. 1990-களில் மெட்டா-கிரெசால் பர்ப்பிள் என்ற சாயம் கடல் ஆய்வாளர்களிடம் பரவியது. கடைக்குக் கடை அந்தச் சாயத்தின் தூய்மை மாறுபட்டது. அளவீடும் கூடவே மாறியது. சாயத்தைச் சுத்திகரிப்பதே தனி ஆராய்ச்சியானது.

தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பிஎச் சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு வந்துள்ளது. இந்த 0.1-க்குள் ஹைட்ரஜன் அயனிகளின் ஏறத்தாழ 30 சதவீத உயர்வு அடங்கியிருக்கிறது. அவை கடலிலுள்ள கார்பனேட்டைப் பிடித்துக்கொள்வதால், சிப்பிக் குஞ்சுக்கு ஓடு கட்டுவது கடினமாகிறது. அமெரிக்காவின் ஓரிகன் கரையிலுள்ள ஒரு பொரிப்பகத்தில் 2007 முதல் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. முதலில் கிருமியைச் சந்தேகித்தார்கள்; கடலடியிலிருந்து மேலே வரும் அமிலத்தன்மை கூடிய நீர்தான் காரணம் என்று பிறகு அளந்து கண்டார்கள். இப்போது அங்கே நீரின் வேதியியலை ஓயாமல் அளந்து, தேவையானபோது சோடியம் கார்பனேட் கலக்கிறார்கள். தொட்டிக் குஞ்சுகள் பிழைக்கின்றன. வெளியே கடலில் வளரும் சிப்பிகளுக்கு அந்த வசதி இல்லை.