சாதா வில்லையும் கலவை வில்லையும்

வீட்டு நீச்சல் குளங்களுக்கு விற்கும் ட்ரைகுளோர் வில்லைகள் இரண்டு வகை. ஒன்று, வேறெதுவும் சேராத சாதா வில்லை. மற்றது, பாசிக்கொல்லியும் நீரைத் தெளிய வைக்கும் பொருளும் சேர்த்து அழுத்திய ‘3 இன் 1’, ‘5 இன் 1’ கலவை வில்லை. வேறுபாட்டை டப்பாவின் முகப்பில் தேடிப் பயனில்லை. பொடி எழுத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும்.

முதலில் சாதா வில்லை. 200 கிராம் வில்லை ஒன்று 50,000 லிட்டர் குளத்தில் கரைந்தால் லிட்டருக்குச் சுமார் 3.6 மி.கி. குளோரின் கிடைக்கும். கூடவே 2.2 மி.கி. சயனூரிக் அமிலமும் சேரும். வெயிலில் குளோரின் சீக்கிரம் சிதைந்துவிடாமல் காப்பது இந்த அமிலம்தான். ஓரளவு இருப்பது நல்லது. ஆனால் குளோரின் செலவாகிவிடும், அமிலம் தங்கிவிடும். நாளொன்றுக்கு 2 மி.கி. குளோரின் செலவாகும் குளத்தில் நீரை மாற்றாமல் வில்லையையே நம்பியிருந்தால், ஏறத்தாழ 80 நாளில் அமிலம் 100 மி.கி.யைத் தொடும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச வரம்பும் அதுவே. அமிலம் கூடக்கூட, சோதனைப் பெட்டி போதிய குளோரின் காட்டினாலும் கிருமி சாவது மெதுவாகும். குளத்தில் யாருக்காவது வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், கிரிப்டோஸ்போரிடியம் கிருமியை அழிக்கும் உயர் குளோரின் சிகிச்சைக்கு முன் அமிலத்தை 15 மி.கி.க்குள் கொண்டுவரச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி.

கலவை வில்லையிலும் இதே சிக்கல் அப்படியே உண்டு. அதற்கு மேல் தாமிர சல்பேட், அதாவது மயில்துத்தம், சேர்கிறது. வில்லையின் எடையில் அது 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதே 80 நாளில் லிட்டருக்குச் சுமார் 0.67 மி.கி. தாமிரம் சேர்ந்துவிடும். குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் 2 மி.கி. வரை ஏற்கிறது, ஆகவே இதை விஷம் என்று அலற வேண்டியதில்லை. ஆனால் குளத்தின் சுவரிலும் படியிலும் நீலப்பச்சைக் கறை பிடிக்க இந்த அளவு தாராளம். வெளிர்நிற முடி பச்சையாவதற்கும் பழி குளோரின் மேல் விழுகிறது. உண்மைக் காரணம் தாமிரம். தெளிய வைக்கச் சேர்க்கும் அலுமினியம் சல்பேட், மணல் வடிகட்டிக்கு ஒத்துப்போகும். கார்ட்ரிட்ஜ் வடிகட்டியை அடைத்துவிடும்.

இரு வில்லைகளுக்கும் பொதுவான பேராபத்து ஒன்று: குளத்துக்குப் போடும் மற்றொரு குளோரின் பொருளான கால்சியம் ஹைப்போகுளோரைட்டுடன் ட்ரைகுளோர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கரண்டி, மிதவை எதையும் இந்த இரு ரசாயனங்களுக்கும் பொதுவாக வைக்கவே கூடாது.

என் தீர்ப்பு சாதா வில்லைக்கே. குளோரின் தினமும் வேண்டும். பாசிக்கொல்லியும் தெளிவிப்பானும் எப்போதாவதுதான் வேண்டும். கலவை வில்லை இந்த மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுவதால், குளோரின் போடும் ஒவ்வொரு முறையும் தேவையில்லாததும் சேர்ந்தே இறங்குகிறது. சேர்ந்த தாமிரத்தையும் அமிலத்தையும் குறைக்க, குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதே நம்பகமான வழி. தண்ணீர் அருமையான ஊரில் அது பெரிய விலை. எனவே அன்றாடத்துக்குத் திரவக் குளோரின், ஊருக்குப் போகும் நாட்களுக்குச் சாதா வில்லை, மாதம் ஒருமுறை சயனூரிக் அமிலச் சோதனை. பாசி வந்தால் அதற்கு மட்டும் தனி மருந்து.